பத்தடிச் சந்து

டெய்லரின் கைப்பேசியிலிருந்து ‘டிங்’ என்று சத்தம் வந்தாலே டெய்லரம்மா கைவேலையை அப்படியே விட்டுவிடுவாள். மனுஷர் இன்னொரு கணக்கைப் போட்டு முடித்துவிட்டார் என்று அதற்கு அர்த்தம். சாப்பிடும்போது இடது கையால் போடுவார். குளியலறைக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், நடுவே டிங். கீழே கடையில் தையல் மிஷின் கடகடவென்று ஓடும், சட்டென்று நிற்கும், டிங், மறுபடி ஓடும்.

அது அவர்கள் மகன் செய்த ஆப். ட்யூஷன் சென்டரில் இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தான் அவன். பிள்ளைகளுக்கு ‘மாஸ்டர்’, வீட்டில் ‘தம்பி’. பந்தை எறிந்தால் எவ்வளவு உயரம் போகும், எத்தனை நொடி காற்றில் இருக்கும், எங்கே விழும் என்று பரீட்சையில் கேட்பார்களாம். அந்தக் கணக்கில்தான் பிள்ளைகள் மண்ணைக் கவ்வுகிறார்கள் என்று அவனுக்குக் கவலை. ஒரு சிநேகிதனைச் சேர்த்துக்கொண்டு மாதக்கணக்காய் உட்கார்ந்து செய்தான். வேகம், எறிகோணம், உயரம் மூன்றையும் தட்டினால் போதும். திரையில் ஒரு சிவப்புப் பொட்டு வளைந்து பறக்கும். விழுந்ததும் டிங். அதற்குக் கீழே வரிவரியாய் விடை வரும். எதிரே ஒரு சுவரையோ மேடையையோ நிறுத்திவைத்து, பொட்டு அங்கே எட்டுமா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

முதன்முதலில் அதை ஓட்டிப் பார்த்தவர் டெய்லர்தான். “அப்பாவுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்” என்று மகன் அவர் கையில் கொடுத்தான். டெய்லர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எண்களைத் தட்டினார். பொட்டு மேடையை எட்டாமல் விழுந்தது. “அடடா, கொஞ்சம்தான் குறையுது! கோணத்தை ஏத்திப் பாருங்க” என்று எழுத்து ஓடியது. ஏற்றினார். பொட்டு மேடையில் போய் உட்கார்ந்தது. “போய்ச் சேர்ந்தாச்சு!” என்றது ஆப்.

டெய்லரம்மா அடுப்படியிலிருந்தே சத்தம் போட்டாள். “என்னடா வார்த்தை அது? யாரோ மண்டையைப் போட்ட மாதிரி. மாத்துடா அதை.”

“பந்துதானேம்மா போய்ச் சேருது” என்று சிரித்தான். மாற்றவில்லை.

அவன் செத்து நாலு மாதம் ஆகிறது.

அவர்களுடையது ஒடுக்கமான, உயரமான வீடு. கீழே தையல் கடை. நடுவே ஒரு துணி வியாபாரியின் குடோன், ஆள் புழக்கம் கிடையாது. அதற்கு மேலே அவர்கள் குடியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே மொட்டைமாடி. மாடியைச் சுற்றி மூன்று பக்கம் கைப்பிடிச் சுவர் உண்டு. நாலாவது பக்கம் என்றைக்கோ கட்டிக்கொள்ளலாம் என்று விட்டது, விட்டபடியே கிடந்தது. அந்தப் பக்கம் பத்தடிச் சந்து. சந்துக்கு அப்பால் பல் டாக்டர் வீடு. அவருடைய மாடி இரண்டடி தாழ்ந்திருக்கும்.

மகன் பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்தச் சந்தைத் தாண்டிக் குதித்து டாக்டர் வீட்டு மாடிப்படி வழியாக இறங்கிப் போவான். ஒரு நாள் டெய்லரம்மா கண்ணால் பார்த்துவிட்டாள். இஞ்ச் டேப்பாலேயே முதுகில் வாங்கிக்கட்டிக்கொண்டான். அதோடு அந்தப் பழக்கம் நின்றது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அவனைச் சந்தில் கண்டெடுத்தது ஒரு சாயங்காலம். ஆன்டெனாவைத் திருப்பப் போய்க் கால் வழுக்கியிருக்கும் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. பல் டாக்டரும் அப்படித்தான் சொன்னார். தெருவே தலையாட்டியது. டெய்லரம்மாவும் ஆட்டினாள்.

காரியமெல்லாம் முடிந்து, வெளியூரில் வாக்கப்பட்ட மகளும் ஊர் திரும்பிய பிறகு, ஒரு நாள் சாப்பாட்டின் நடுவே டெய்லர் கேட்டார்:

“வழுக்கி விழுந்தவன் நம்ம சுவரோரம்தானே கிடக்கணும்? அவன் டாக்டர் வீட்டுச் சுவரோரம்ல கிடந்தான்?”

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. “அதை எதுக்கு இப்ப?” என்றாள்.

“இல்ல, கேட்டேன்.” அவர் தட்டை நகர்த்திவிட்டுக் கைப்பேசியை எடுத்தார். அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்த டிங்.

அவளுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று அவருக்குத் தெரியாது. வேறு யாருக்குமே தெரியாது. மாடிப்படியின் தலையில் ஓர் இரும்புக் கதவு உண்டு. பொழுது சாய்கிற நேரத்தில் அதைச் சாத்தி உள்பக்கம் தாழ்ப்பாள் போடுவது அவள் வேலை. பூனை வரும், திருடன் வருவான் என்று வருஷக்கணக்காய் வந்த பழக்கம். அன்றைக்கு அடுப்பில் பால் வைத்திருந்தாள். பொங்கிவிடுமே என்று ஓடிப்போய்த் தாழைத் தள்ளிவிட்டு ஓடிவந்தாள். மாடியில் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்க்கவில்லை. மகனின் கைப்பேசி கூடத்தில் சார்ஜில் கிடந்தது. அதைப் பார்த்தும், மகன் வீட்டில்தானே இருக்க வேண்டும், எங்கே போனான் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் டம் டம் என்று இடிக்கிற சத்தம் கேட்டது. பல் டாக்டர் வீட்டில் ஒரு வாரமாகக் குளியலறையை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ‘இந்த மனுஷனுக்குப் பல்லைப் பிடுங்கினது போதாதுன்னு சுவரையும் பிடுங்கறார்’ என்று அவள் தனக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டாள். அந்த வேலையாட்கள் அதற்கு முன்பே கிளம்பிப் போய்விட்டார்கள் என்பது மறுநாள்தான் அவளுக்குத் தெரியவந்தது.

பிறகு அந்தச் சத்தம் நின்றது. ஓடுகிற காலடி கேட்டது. அப்புறம் சந்திலிருந்து ஒரு சத்தம். அவள் படியேறி ஓடினாள். கதவு தாழிட்டிருந்தது. அவளே போட்ட தாழ். அதை அவளே திறந்தாள். போலீஸ் வந்தபோது கதவு அகலத் திறந்து கிடந்தது. கேட்பதற்கு எதுவும் இல்லை.

அதனால்தான் ஒவ்வொரு டிங்குக்கும் அவளுக்கு உயிர் போய் வந்தது. இந்தக் கணக்கு இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குச் சொல்லிவிடும்: இவன் வழுக்கவில்லை, ஓடிவந்து குதித்தான் என்று. குதித்தான் என்று தெரிந்தால் ஏன் குதித்தான் என்று கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அது இரும்பில் செய்து, படியின் தலையில் மாட்டியிருந்தது.

டெய்லருக்கு வேலையில் கவனம் சிதறியது. கண்டக்டர் ஒருவரின் பேன்ட்டில் ஒரு கால் மற்றதைவிட நாலு விரற்கடை நீளமாய்ப் போனது. “ஒரு காலை மடிச்சுக்கிட்டே டிக்கெட் கிழிக்கச் சொல்றீங்களா டெய்லர்?” என்று அவர் கேட்டார். வேறு சமயமாயிருந்தால் டெய்லர் பதிலுக்கு ஒன்று சொல்லி ஆளைச் சிரிக்கவைத்து அனுப்பியிருப்பார். இப்போது பேன்ட்டை வாங்கி ஓரமாய்ப் போட்டுவிட்டு, இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு சந்துக்குள் போய்விட்டார். சந்தின் அகலத்தை அளந்தார். அளந்ததையே திரும்ப அளந்தார். கண்டக்டர், கடையில் நின்றிருந்த டெய்லரம்மாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

ஒரு மத்தியானம் அவர் கடையிலேயே கண்ணயர்ந்திருந்தார். கைப்பேசி பட்டன் டப்பாவின் மேல் கிடந்தது. டெய்லரம்மா அதை எடுத்தாள். அந்த ஆப்பை அழித்துவிடுவது என்று முடிவு பண்ணித்தான் எடுத்தாள். எப்படி அழிப்பது என்று மகளிடம் நைசாகக் கேட்டு வைத்திருந்தாள். விரலை வைத்து அழுத்தியது சரியில்லையோ என்னவோ, ஆப் திறந்துகொண்டது. அவர் கடைசியாய்ப் போட்ட கணக்கு அப்படியே நின்றது. சிவப்புப் பொட்டு ஒரு மாடியின் விளிம்பிலிருந்து கிளம்பியது. எதிரே இன்னொரு மாடி, கொஞ்சம் தாழ்வாக. பொட்டு பறந்து, எதிர் விளிம்புக்கு ஒரு சாண் இருக்கும்போது தாழ்ந்து, கீழே போய்விட்டது.

டிங்.

“அடடா, கொஞ்சம்தான் குறையுது! கோணத்தை ஏத்திப் பாருங்க.”

அவளுக்கு அது எழுத்தாகவே தெரியவில்லை. அவன் பக்கத்தில் நின்று சொல்வதுபோலக் காதில் விழுந்தது. அந்த ‘அடடா’வை அவன் கொஞ்சம் இழுத்துத்தான் சொல்வான். இதை அழித்தால் அந்தப் பேச்சும் போய்விடுமே என்று தோன்றியது. கைப்பேசியை வெட்டுத்துணிக் குவியலுக்குள் கவிழ்த்து வைத்துவிட்டு, படியேறி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலம்தான் மாடியில் ஓட்டம் கேட்டது.

தலைக்கு நேர் மேலே திம் திம் திம் என்று ஒரு மூலையிலிருந்து சந்துப் பக்கம் ஓடியது. விளிம்பில் நின்றுவிட்டது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி விரலில் பட்டது. பட்டது தெரியாமல் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாளும் அதே நேரம். மூன்றாம் நாளும். மகன் போனதிலிருந்து அவள் மாடிக்குப் போவதே இல்லை. துணியைக்கூட பால்கனிக் கம்பியில்தான் போட்டாள். யார் ஓடுவது என்று போய்ப் பார்க்கத் துணிச்சல் இல்லை. பார்க்க வேண்டியதும் இல்லை, அவளுக்குத்தான் தெரியுமே. கதவைத் தட்டிப் பார்த்தும் திறக்காதவள் மேல் கோபமாய் மறுபடி மறுபடி ஓடிப் பார்க்கிறான்.

மகளிடம் போனில் சொன்னாள். “பக்கத்து வீட்ல இன்னும் வேலை நடக்குதாம்மா?” என்றாள் மகள். “நீ கொஞ்ச நாள் இங்க வந்து இரேன்.”

டெய்லரிடம் கேட்டாள். “சாயங்காலத்துல மாடில யாரோ ஓடற மாதிரி இருக்குங்க. உங்களுக்குக் கேக்கலையா?”

அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “எனக்கு ஒண்ணும் கேக்கலையே” என்றார்.

அப்படியானால் தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள். ராத்திரி தூக்கம் போனது, பகலில் பசி போனது. பொழுது சாய்ந்தால் நாற்காலியைக் கூடத்தின் நடுவே இழுத்துப்போட்டு, இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து ஓட்டத்துக்குக் காத்திருக்க ஆரம்பித்தாள். ஒரு நாள் கொஞ்சம் தாமதமானபோது, ‘இன்னும் காணோமே’ என்று மனசு அடித்துக்கொண்டது. அது அவளையே பயமுறுத்தியது.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம். ஓட்டம் கேட்டது, விளிம்பில் நின்றது. அப்புறம் ஓர் இருமல்.

முப்பத்தைந்து வருஷமாய்ப் பக்கத்தில் படுத்துக் கேட்ட இருமல் அது. பஞ்சும் நூல்தூசியும் தின்ற நெஞ்சிலிருந்து வருகிற இருமல்.

அவள் எப்படி எழுந்தாள், எப்படிப் படியேறினாள் என்று அவளுக்கே தெரியாது. இரும்புக் கதவு திறந்துதான் இருந்தது. டெய்லர் எதிர் மூலையில் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றார். கையில் கைப்பேசி. அவளைக் கவனிக்கவில்லை. சுவரைக் கையால் தள்ளி ஓடத் தொடங்கினார். அறுபது வயது உடம்பு, ஒரு பக்கமாய்ச் சாய்ந்து சாய்ந்து, சுவர் இல்லாத அந்தப் பக்கத்தை நோக்கி ஓடியது.

“ஐயோ, என்னங்க!”

அவள் போட்ட கூச்சலில் டாக்டர் வீட்டு மாடியிலிருந்து புறாக்கள் எழும்பின. டெய்லர் விளிம்புக்கு இரண்டு எட்டு முன்னால் தடுமாறி நின்றார். அவள் ஓடிப்போய்ச் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள்.

“குதிக்கப் போகல” என்றார் அவர், மூச்சு வாங்க. “ஓடி வந்தா என்ன வேகம் வருதுன்னு பாக்கத்தான். எனக்கு நொடிக்கு மூணு மீட்டர்கூட வரல. அவன் ஆறுலயாவது வந்திருப்பான்.”

“எதுக்கு? இதெல்லாம் எதுக்கு உங்களுக்கு?”

“ஆறு போதும். வேகம் போதும். ஆனா பத்து டிகிரில எம்பினா ஒரு சாண் குறையுது. பதினாலுல எம்பியிருந்தா போய்ச் சேர்ந்திருப்பான். நாலே நாலு டிகிரி.” அவர் உள்ளங்கையைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டினார். “இவ்வளவுதான்.”

மகன் குதித்தான் என்று அவர் சொல்லிவிட்டார். இனி அந்தக் கேள்வி வரும். வருவதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்று நாலு மாதத்தில் முதன்முறையாக அவளுக்குத் தோன்றியது.

“கதவு சாத்தியிருந்துச்சுங்க. நான்தான் தாழ் போட்டேன். அவன் இருக்கான்னு எனக்குத் தெரியாது. தட்டியிருக்கான். நான் டாக்டர் வீட்ல இடிக்கறாங்கன்னு…”

“தெரியும்.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“அன்னைக்குக் காப்பிக்கு மேல வந்துட்டிருந்தவன், சத்தம் கேட்டு உன் பின்னாடியேதான் ஏறி வந்தேன். கடைசித் திருப்பத்துல நின்னேன். நீ தாழை இழுத்த சத்தம் கேட்டுச்சு. அந்தத் தாழ் கிறீச்சுன்னு கத்தும்ல.”

“தெரிஞ்சா… ஒரு வார்த்தை கேக்கலையே?”

“நீ சொல்லுவேன்னு பாத்தேன்.” குரல் திடீரென்று கெட்டிப்பட்டது. “நாளைக்குச் சொல்லுவே, நாளான்னைக்குச் சொல்லுவேன்னு பாத்தேன். நீ சோறு போட்டே, துணி துவைச்சே, வாயைத் திறக்கல. உன் மேல எனக்கு எவ்வளவு கோவம் தெரியுமா? கத்திரிக்கோலைக் கையில எடுத்தா பயமா இருக்கும். அப்படி ஒரு கோவம்.”

அவள் பிடித்திருந்த சட்டையை விட்டாள்.

அவர் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டார். “இதுல அவனை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேத்துட்டா கோவம் போயிடும். நிஜமாவே போயிடும். டாக்டர் வீட்டுப் படியில இறங்கி வந்து, ‘யம்மா, ஏன் கதவைச் சாத்தினே’ன்னு உன்னைத் திட்டுவான், நீ அவனைத் திட்டுவே. நான் மிஷின்ல உக்காந்து கேட்டுக்கிட்டிருப்பேன். அப்படியே தெரியும் எனக்கு. அப்புறம் டிங்குன்னு அடிக்கும். அடிச்சதும் அவன் மறுபடி இந்தப் பக்கமே வந்து நிக்கறான். கோவமும் வந்துடுது. திரும்பவும் முதல்லேருந்து போடணும்.”

இருட்டிக்கொண்டு வந்தது. டாக்டர் வீட்டில் விளக்கு போட்டார்கள். வெளிச்சம் சந்தைத் தாண்டி இவர்கள் காலடி வரைக்கும் வந்து விழுந்தது.

“என்னைத் திட்டிடுங்க” என்றாள் அவள். “அடிச்சாலும் சரி.”

“அதெல்லாம் வந்திருந்தா எப்பவோ செஞ்சிருப்பேனே.” அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “மகளுக்கு நீயே சொல்லு. என் வாயால வரவேண்டாம்.”

அன்று ராத்திரி அவர் கடையிலேயே படுத்தார். அதற்கடுத்த நாட்களிலும் அப்படித்தான். சாப்பாட்டுக்கு மட்டும் மேலே வருவார். பேச்சு, தேவைக்கு இரண்டு வார்த்தை. டிங் சத்தம் ஒரு நாள் முழுக்கக் கேட்காது. அப்பாடா என்று அவள் நினைக்கும்போது அடுத்த நாள் கேட்கும். ஆனால் முன்போல அவள் கைவேலையை விடவில்லை. இப்போது கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் நினைத்துக்கொள்வாள்.

ஒரு காலையில் அவரே கொத்தனாரைக் கூட்டிவந்தார். நாலாவது பக்கச் சுவர் எழும்பியது. புதுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார் கொத்தனார். அந்த வேலையை டெய்லரம்மா எடுத்துக்கொண்டாள். வாளியைத் தூக்கிக்கொண்டு மாடியேறி, சிமென்ட் குடிக்கக் குடிக்க ஊற்றினாள். கையை வைத்தால் சுவர் சில்லென்று இருந்தது.

மகளிடம் போனில்தான் சொன்னாள். முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து “வைக்கறேன்” என்று மட்டும் வந்தது.

மகள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அப்பாவுக்குக் கடையில் பட்டன் கட்டினாள், கொக்கி வைத்தாள், அவரை அதட்டி மேலே வரவழைத்துப் படுக்கவைத்தாள். அம்மாவோடு மட்டும் பேசவில்லை. அம்மா தண்ணீர் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். டெய்லரம்மாவும் பேசச் சொல்லி வலிந்து கேட்கவில்லை. கேட்கத் தனக்கு என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டாள்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று காலை, மகள் குளித்துவிட்டு வந்து கூடத்தில் தரையில் உட்கார்ந்தாள், அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. சீப்பைப் பின்னால் நீட்டினாள்.

டெய்லரம்மா வாங்கிக்கொண்டு வாரத் தொடங்கினாள். சிக்கு நிறைய இருந்தது. வலிக்காமல் நுனியிலிருந்து எடுத்தாள்.

“அவன் தட்டினது உனக்கு இப்பவும் கேக்குதாம்மா?” என்றாள் மகள், திரும்பாமலே.

“கேக்குது.”

“ராத்திரியா?”

“எப்ப வேணாலும். பாத்திரம் கழுவறப்போ. குழாயை நிறுத்திட்டுக் கேப்பேன். நிறுத்தினா இருக்காது.”

மகள் பெருமூச்சு விட்டாள். தோள் இறங்கியது. “தளர்த்திப் பின்னாதம்மா, பஸ்ல அவுந்துடும்” என்றாள். அவள் இறுக்கிப் பின்னினாள்.